தெரு இறங்கிய வாரம்

விசில் ஊதினார்கள். வீடு ஏறியது.

அவர் உள்ளேதான் இருந்தார். ஜன்னலோரக் கட்டிலில், கையில் காபி டம்ளரோடு. காபி தளும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரு மட்டும் ஒரு நூல் கீழே இறங்கியது.

அஸ்திவாரத்தை அறுத்து, அடியில் வரிசையாக ஜாக்கி வைத்திருந்தார்கள். ஒரு விசிலுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு திருகு. எவனாவது அவசரப்பட்டால் சுவர் வாயைப் பிளந்துவிடும்.

மேஸ்திரி வடக்கத்தி ஆள். தெரிந்த தமிழ் 'பயப்படாதீங்க' மட்டும். குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கும் அதையே சொன்னான்.

வீட்டின் மேல் குற்றமில்லை. கட்டிய இடத்தில்தான் நின்றது.

தெருதான் வளர்ந்தது.

பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போடுவது பேட்டை வழக்கம். போடப் போட, படியேறிப் போன வீடு படியிறங்கிப் போகும் வீடாயிற்று. தார் ஆறுவதற்குள் அவர் ஒரு சாண் குள்ளமாகிவிடுவார். எதிர்வீட்டுக்காரர் கவலைப்பட்டு, எலும்பு டாக்டர் ஒருவரின் விலாசம் கொடுத்தார்.

ஒரு மழைக்குக் கூடத்துக்குள் விரால் மீன் வந்தது. சைவக் குடும்பம் என்று எடுத்துச் சொன்னார். வருத்தம் தெரிவித்துவிட்டுத் திரும்பிப் போனது.

இப்படியே வளர்ந்து தெரு ஒருநாள் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது.

தெருவோடு தேசம்மாவும் வந்தாள்.

பூக்காரி. கூடையை இறக்கிவிட்டு ஜன்னல் கம்பியில் தோளைச் சாய்த்து ரோட்டிலேயே உட்காருவாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே முகம். மிச்சப் பூவைக் கட்டி முடிக்கும்வரை, பேட்டையில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எவன் எவளோடு போனான் எல்லாம் சொல்லுவாள். கம்பி வழியே அவர் பாதிக் காபியை நீட்டுவார்.

மனைவி போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று இருந்தது அந்தப் பூக்கட்டும் நேரம்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்ல ஆள் வேண்டுமே.

சிட்னியில் இருக்கும் மகனிடம் மழைத் தண்ணீரைப் பற்றி மட்டும் சொன்னார். பாசக்காரன். உடனே வீட்டைத் தூக்க ஆள் அனுப்பிவிட்டான்.

திங்கட்கிழமை தேசம்மாவின் முகம் தெரிந்தது.

புதன்கிழமை வகிடு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை குரல் மட்டும் சுவருக்கு அடியிலிருந்து வந்தது. பாதிக் கதையில் மேஸ்திரி 'பயப்படாதீங்க' என்று அவளைத் தள்ளி உட்காரச் சொன்னான். கதையின் மீதி காதில் விழவில்லை.

இன்று கடைசித் திருகு. மேஸ்திரி விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

தேசம்மா நடுத்தெருவில் நின்று நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா நைனா, மச்சு வூட்டுக்காரர் ஆயிட்ட."

"மேல வாயேன்."

"படியே கட்டல. எங்க ஏறது, உன் மீசையப் புடிச்சா?"

சிரித்தாள். அவரும் சிரித்தார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"நோவுது நைனா. நான் இனிமே டீக்கடையாண்ட குந்திக்கிறேன். அங்க நெழலும் கீது."

அவர் கம்பி வழியே டம்ளரை நீட்டினார். அவள் எம்பிப் பார்த்தாள். எட்டவில்லை.

"நீயே குடி. ஆறிடப் போவுது."

கூடை போனது. தெரு முனை வரைக்கும் தெரிந்தது. உயரத்தில் அது ஒரு வசதி.

மகன் கூப்பிட்டான். "இனிமே ஒரு சொட்டு உள்ள வராதுப்பா."

"ஆமாண்டா. எதுவும் வராது."

வைத்துவிட்டுக் கவுன்சிலர் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"எங்க சந்துக்கு ரோடு போடணும்மா."

"போன மாசந்தான சார் போட்டாங்க. குழி விழுந்துடுச்சா?" என்றாள் போனை எடுத்த பெண்.

"அதெல்லாம் இல்லை. நல்லா இருக்கு."

"அப்புறம் எதுக்கு சார்?"

அவர் எட்டிக் கீழே பார்த்தார். கண்ணாலேயே அளந்தார்.

"அதுமேலயே இன்னும் நாலஞ்சு தரம் போட்டுடுங்க," என்றார். "கொஞ்சம் சீக்கிரம்."