மூக்கர் சொன்ன ஒரு வார்த்தை

மேஜையில் மூன்று கிளாஸ்கள் இருந்தன. ஒன்றில் வைக்கோல் நிறம், ஒன்றில் தேன் நிறம், மூன்றாவதில் கடுந்தேநீர் நிறம்.

ஐந்து பேர் மூக்கரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேக்கரிக்காரர் வீட்டு ஹாலில் ஞாயிறுதோறும் கூடும் அந்த விஸ்கி சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மூக்கர் முகர்ந்து சொல்லும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் சொன்ன பிறகு எல்லோருக்கும் அதே வாசனை வந்துவிடும். கம்பளி என்று அவர் சொன்னால், லிஃப்ட் இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் கம்பளி, அதுவும் நனைந்த கம்பளி என்பார். நீச்சல் கற்றுக்கொடுக்கும் அம்மா அதை நோட்டில் குறித்துக்கொள்வார்.

பாவம், அவர்களுக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலோடு மூக்கரின் மூக்கு செத்துப்போயிருந்தது.

அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியவில்லை. காபி வெறும் சுடுதண்ணீராகிவிட்டது. சங்கத்துக் கதையையெல்லாம் சொல்லி மூக்கைக் காட்டினார்; காது மூக்கு டாக்டர் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்துவிட்டு, இனி திரும்புவது கஷ்டம் என்று கையை விரித்துவிட்டார்.

மூக்கர் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆபீஸில் கோப்பு தள்ளிய மனுஷனிடம் யாரும் அபிப்பிராயம் என்று ஒன்றைக் கேட்டதே கிடையாது. இந்த ஒரு ஹாலில்தான் அவர் சொன்னால் நாலு பேர் தலையாட்டினார்கள். அதை எப்படி விட மனசு வரும்?

எனவே அள்ளிவிட ஆரம்பித்தார். ஒருமுறை பழைய பள்ளிக்கூடப் பை என்றார். எல்லோருக்கும் பை வந்தது. இன்னொரு முறை மழைக்கு முந்தின தகரக் கூரை என்றார். கூரையும் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, மூக்கு இருந்த காலத்தைவிட இப்போதுதான் அவருக்குப் பெயர் ஏறியிருந்தது.

இன்றைக்கு விஷயம் வேறு.

டை கட்டிய ஒருவர் புதிதாக வந்திருந்தார். எப்போதோ மூடிப்போன மூன்று விஸ்கி ஆலைகளின் முப்பது வருஷத்துச் சரக்கு என்று பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டார். ருசி பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் திறந்தாயிற்று. மீதியெல்லாம் மெழுகு முத்திரை உடையாமல் விற்பனைக்கு.

வாங்கப்போவது மூக்கரின் மைத்துனன், மனைவிக்கு ஒரே தம்பி. வேலை போனபோது கம்பெனி கொடுத்த பணம் முழுவதும் அவன் மடியில் இருந்த தோள்பையில் இருந்தது. வாங்கிப் பூட்டி வைத்து, நாலு வருஷம் கழித்து இரண்டு மடங்குக்கு விற்பதாகத் திட்டம். அதுவரை இரண்டு பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்பதற்குத் திட்டம் இல்லை.

“அத்தான், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கண்ணை மூடிட்டுக் குடுத்துடறேன்.”

மூக்கர் கிளாஸ்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதல் கிளாஸை முகர்ந்தார். வெறும் காற்று. இரண்டாவதும் காற்று. மூன்றாவதில் மூக்கையே முக்கி எடுத்தார். ஈரமானது, அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். மூன்றும் எரிந்தன.

பழைய கம்பளியையே மறுபடி எடுத்து விட்டிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் மைத்துனன் பையின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டான்.

அதைப் பார்த்ததும் மூக்கருக்கு மனசு தாங்கவில்லை. போனால் போகிறது பெயர். மானம் போவதைத் தவிர இதில் வேறென்ன நஷ்டம் என்று கிளாஸைக் கீழே வைத்தார்.

“இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. எனக்கு மூணும் ஒண்ணாத்தான் இருக்கு.”

மிச்சத்தையும் சொல்லித் தொலைத்துவிட மூச்சை இழுத்தார். விட்டால்தானே.

“அதானே,” என்றார் லிஃப்ட் இன்ஜினியர். “எனக்கு முதல் கிளாஸ்லயே சந்தேகம். உங்களுக்கு முன்னாடி பேச வேணாம்னுதான் கம்முனு இருந்தேன்.”

நீச்சல் அம்மா நோட்டில் எழுதியிருந்த மூன்று தலைப்புகளில் இரண்டை அடித்தார். பேக்கரிக்காரர் கடுந்தேநீர் நிறத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இது நம்ம கடையில் கேக்குக்குப் போடும் கருக்கிய சர்க்கரை அல்லவா என்றார். நிறத்துக்குக் கலந்திருக்கிறான் பாருங்கள்.

எல்லோரும் டை கட்டியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தன்னையே யாரோ ஏமாற்றிவிட்டதாக முணுமுணுத்தார். போலீஸ் என்று ஒரு குரல் கிளம்பியதும் பாட்டில்களை வாரிப் பெட்டியில் போட்டார்.

மைத்துனன் பையை இறுக்கி அணைத்துக்கொண்டு அத்தானின் தோளில் சாய்ந்து அழுதேவிட்டான். மூக்கர் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் கைதட்டி அமுக்கிவிட்டார்கள். மூன்றாவது முறை அவரே திறக்கவில்லை.

ஆள் போகும்வரை ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரையே வாசலுக்கு அனுப்பினார்கள்.

கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டை கட்டியவர் அவர் அருகில் வந்து நின்றார். கோபமாகத் தெரியவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவர்போலக் கேட்டார்.

“சார், காது மூக்கு டாக்டர்கிட்ட உள்ரூம்ல உக்காந்து உங்க ரிப்போர்ட்டை டைப் பண்ணதே நான்தான். அதை நம்பித்தான் இந்தச் சங்கமாப் பாத்து வந்தேன். எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”