நாலு இஞ்ச்

தையல்காரம்மா இஞ்ச் டேப்பைக் கம்ப்யூட்டர் திரைமேல் வைத்து, இரண்டு நிலாக்களுக்கும் நடுவே அளந்தாள்.

“இது விண்வெளி விளையாட்டுடி, சட்டைக்கா அளவெடுக்கிற?” என்றார் கணவர், மகனின் நோட்டைப் பிரித்தபடி. “கப்பலைக் கிளப்பு. பெரிய நிலா எதிர்லயே நிக்குது.”

“இப்பவே கிளம்பினா, நாம போய்ச் சேர்றதுக்குள்ள அது நகர்ந்திருக்கும். நாலு இஞ்ச் இடைவெளி வரட்டும். எனக்குப் புரியணும்னே இஞ்ச்ல எழுதியிருக்கான் பாருங்க.”

நாலு இஞ்ச் வந்ததும் பொத்தானை அழுத்தினாள். சின்ன நிலாவை விட்டுக் கிளம்பிய கப்பல், பெரிய நிலாவை நெருங்கிச் சுற்ற ஆரம்பித்தது.

“அடி சக்கை! எரிபொருள்கூட மிச்சம் இருக்கே!”

“இறங்கறதுக்குன்னு விட்டிருக்கான். வளர்ற பிள்ளைக்கு நான் உள்ள துணி விட்டுத் தைக்கிறதப் பாத்த பழக்கம்.”

“அப்ப இறக்கிடு.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“ஆபரேஷனுக்குப் போறப்ப என்ன சொன்னான்? ‘நிலா வரைக்கும் நீ கொண்டு போம்மா, நான் வந்து இறக்கிக்கிறேன்’னு சொன்னான்ல?”

கணவர் நோட்டை மடியில் வைத்தார். “அவன்தான் நமக்கு முந்திப் போய்ச் சேர்ந்துட்டானேடி. மூணு மாசமாச்சு.”

“தெரியும்ங்க. சுத்திக்கிட்டே இருந்தா எரிபொருள் செலவாகாதாம். அதையும் எழுதியிருக்கான். சுத்தட்டும்.”

அவர் நோட்டைப் புரட்டித் தேடினார். அந்த வரி இருந்தது. அதற்குக் கீழே, ‘நான் வர லேட்டானாலும் கப்பல் விழாதும்மா’ என்றும் இருந்தது.