பவளத்திட்டின் மேல் கொட்டிய மணல்

இதை எனக்குச் சொன்னது ஆலா என்னும் கடற்பறவை. பல வருடங்களாக நான் இதை அப்படியே நம்பினேன். இப்போது முழுதாக நம்புகிறேனா, தெரியவில்லை.

நடுக்கடலில் ஒரு பவளத்திட்டு இருந்தது. நீர் இறங்கினால் அதன் முதுகு தெரியும், ஏறினால் மூழ்கிவிடும். சுற்றியிருந்த மூன்று நாடுகளும் அதைத் தங்களுடையது என்றன.

"எனக்காக மூணு நாடு அடிச்சுக்குது, பாத்தியாடி?" என்றது திட்டு.

"பொண்ணு பாக்க மூணு வீட்டுக்காரங்க வந்த மாதிரி குதிக்காதே. எனக்கு முட்டையிட ஒரு சாண் காஞ்ச இடம் இல்ல" என்றது ஆலா.

மூழ்காத நிலத்துக்குத்தான் உரிமை கொண்டாடலாம் என்பது அந்த நாடுகளின் வழக்கம். அதனால் ஒரு நாடு பெரிய கப்பலை அனுப்பியது. அது கடலடி மணலை உறிஞ்சித் திட்டின் மேல் கொட்டியது.

"ஐயோ, மூச்சு முட்டுது! நான் கல்லு இல்ல, உசிரு! போய்ச் சொல்லுடி!" என்று திட்டு அலறியது.

மூன்றாம் நாள் அலறல் நின்றது. மணல்மேட்டில் கொடி பறந்தது. மற்ற இரு நாடுகளும் கொதித்தன, கொடியைப் பார்த்து மட்டும்.

"அப்படியே உறைஞ்சு போயிட்டேன் ஐயா" என்று ஒவ்வொரு வருடமும் ஆலா என்னிடம் அழும். நானும் சேர்ந்து கலங்குவேன். இந்த வருடம்தான் கேட்கத் துணிந்தேன்:

"அந்த மூன்று நாளும் நீ யாரிடமும் போய்ச் சொல்லவில்லையே. உன் முதல் முட்டையை எங்கே இட்டாய்?"