பங்கு பிரிக்கும் மீட்டர்

பந்து எல்லைக்கோட்டைத் தொட்டதும் மைதானத்து மீட்டர் ரன்னைப் பங்கு பிரித்துவிடும். பிறவித் திறமையால் வந்தது ஆட்டக்காரருக்கு, பயிற்சியால் வந்தது கோச்சுக்கு.

அந்த சீசனில் தூத்துக்குடி செல்வின் அடித்தது ஆயிரத்து நூறு ரன். மீட்டர் அவனுக்கு விட்டது முந்நூறு. மீதி எண்ணூறும், நாற்காலியை விட்டு எழாத அவன் கோச் தவமணி மாஸ்டருக்கு.

மாநில அணிப் பட்டியலில் செல்வின் இல்லை. ஐம்பத்தெட்டு வயது தவமணி இருந்தார், தொடக்க ஆட்டக்காரராக.

மாஸ்டர் அவன் வீட்டுக்கே ஓடிவந்தார். "ஏலே, எனக்கு வாயால ஆடித்தான் பழக்கம். பேட்டை எப்படில பிடிக்கணும்?"

"சொல்லித் தாரேன். பயிற்சிப் பங்கு எனக்குல்லா?"

"பாதிக்குப் பாதி."

"முழுசும் வேணும். பிறவித் திறமை துளியும் கிடையாதுன்னு எழுதிக் குடுங்க மாஸ்டர்."

வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மாநில மேட்ச்சில் மாஸ்டருக்கு முதல் பந்திலேயே நடு ஸ்டம்பு பறந்தது. மீட்டர் பத்திரத்தைப் பார்த்தது. டக் அவுட்டை முழுசாகச் செல்வின் பெயரில் ஏற்றியது.

மாஸ்டர் வெளியே வந்து அவன் தோளில் தட்டினார்.

"மனச விட்றாதல. அடுத்த மேட்ச்லயாவது பாத்து ஆடு."