சப்டைட்டில் இல்லாத தமிழ்

கஜந்தினிக்கு எமிலியோடு மத்தியானப் படம், பிறகு புறநகர் பக்குரங்காவில் எமிலி வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. எமிலி ஆறு வருடமாக அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி. வெள்ளைக்காரிதானே, தமிழ் விளங்கவா போகிறது என்று அவள் முன்னாலேயே கஜந்தினி வீட்டிலிருக்கும் தன் அம்மாவுக்கு ஃபோன் எடுத்து எல்லாம் கதைப்பாள்.

திரையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கறுத்த விருந்தாளியை அறைக்குள் பூட்டியது. அவன் கதவில் அடித்துக் கத்தினான். சப்டைட்டில் வரவில்லை.

"கஜந்தினி, அவளின்ர வீட்டை போகாதை!"

ஏதோ பாஷையில் கத்துகிறான் என்று அரங்கமே சிரித்தது. எழுந்தவளை எமிலி கையைப் பிடித்து இருத்தினாள்.

"பயப்பிடாதை," என்றாள், சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில். "அவன் எல்லாருக்கும் உப்பிடித்தான் சொல்லுறவன். அம்மாட்டை நான் சொல்லிப்போட்டன், நீ இண்டைக்கு வரமாட்டாய் எண்டு."