காவேரிக்கு ஞாபகமில்லாத நாள்

"சார், கேமராவுல உங்க முழங்கை மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் உள்ள தள்ளி உட்காருங்க" என்றாள் வினிதா.

"சரிங்க மேடம்." மாரிசாமி நாற்காலியை மகள் காவேரி பக்கம் நகர்த்திக்கொண்டார். அவளுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி கனகா. எதிரே ஸ்டூல் மேல் லேப்டாப். வினிதா பெங்களூரிலிருந்து பேசுகிற கவுன்சலர்.

மாசி மாதம் ஸ்கூட்டர் விபத்தில் காவேரிக்குத் தலையில் பலத்த அடி. பதினோரு நாள் கண் திறக்கவில்லை. பிறகு நடை வந்தது, பேச்சு வந்தது; சில வார்த்தைகள் மட்டும் இன்னும் சட்டென்று வாயில் வராது. விபத்து நடந்த நாள் நினைவுக்கு வரவே இல்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து தெரபி. ஞாயிறு காலையானால் மண்டி மொஹல்லாவின் அந்த மாடி வீட்டில் மூன்று பேரும் இப்படி உட்கார வேண்டும். குடும்பமே உட்கார வேண்டும் என்பதில் வினிதா கண்டிப்பாக இருந்தாள்.

"நாளைக்கு ஸ்கூலா காவேரி?"

"ஆமா மேடம். தசரா லீவு முடிஞ்சிருச்சு. மத்தியானம் வரைக்கும்தான். எனக்கு முன்னாடி... அது..."

"பெஞ்சு" என்றாள் கனகா.

"அம்மா, அவளே சொல்லட்டும்" என்று கனகாவைத் தடுத்தாள் வினிதா.

"முன்னாடி பெஞ்ச்ல இடம் கொடுத்திருக்காங்க" என்று முடித்தாள் காவேரி.

"பயமா இருக்கா?"

"ஃப்ரெண்ட்ஸ் கேப்பாங்க, எப்படி ஆச்சுன்னு. எனக்குத்தான் ஞாபகம் இல்லையே." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "என்ன சொல்லட்டும்ப்பா?"

மாரிசாமி பதில் சொல்வதற்குள் கனகா குறுக்கே வந்தாள்.

"நடந்ததைச் சொல்லு கண்ணு. லைசென்ஸ் இல்லாம நான்தான் வண்டிய ஓட்டுனேன், பின்னாடி உக்காந்திருந்த எங்கப்பன் சொல்லச் சொல்லக் கேக்காம வேகமாப் போனேன்னு சொல்லு. அதைக் கேட்டாவது மத்த புள்ளைங்க அடங்கி இருக்கட்டும்."

காவேரி தலையைக் குனிந்துகொண்டாள். "சரிம்மா."

இந்த "சரிம்மா"வை எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் மாரிசாமி. சொந்த ஊரான கௌதள்ளியிலிருந்து உறவுக்காரர்கள் பார்க்க வரும்போதெல்லாம் கனகா இதே கதையைச் சொல்வாள். மகள் தலையைக் குனிந்துகொள்வாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

"சார், நீங்க எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா?" என்று கேட்டாள் வினிதா.

வாராவாரம் கேட்கிற கேள்விதான். "நல்லாத்தான் இருக்கேனுங்க" என்பது அவருடைய வழக்கமான பதில். இன்று வாயைத் திறந்தார். அது வரவில்லை.

"இவ ஓட்டலைங்க" என்றார்.

கனகா புரியாமல் பார்த்தாள்.

"அக்ரஹாரத்துல டியூசன் முடிஞ்சு நான்தான் கூட்டிட்டு வந்தேன். இவ பின்னாடி உக்காந்திருந்தா. கடையிலிருந்து போன். காதுக்கும் தோளுக்கும் நடுவுல வெச்சுப் பேசிட்டே ஓட்டுனேன். 'அப்பா, போன வைங்க'ன்னு இவ ரெண்டு தடவ சொன்னா. ஸ்பீடு பிரேக்கர கவனிக்கல. ஹெல்மெட் எந் தலையில இருந்துச்சு. இவளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகணும்னு தோணவே இல்லைங்க."

"அப்ப எங்கிட்ட ஏன்..." கனகாவின் குரல் பாதியிலேயே நின்றது.

"ஆஸ்பத்திரி வாசல்ல ஓடி வந்தவ, 'யாரு ஓட்டுனது'ன்னு எஞ் சட்டையப் புடிச்ச. அந்த நிமிசம் இவ பொழைப்பாளோ மாட்டாளோன்னு இருந்துச்சு. இவதான்னு வாயில வந்துருச்சு. மறுநாள் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் சொல்ல முடியல கனகா. இவளுக்கும் ஞாபகம் இல்லையா, அப்படியே விட்டுட்டேன்."

கனகா அவரைத் திட்டவில்லை. மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எட்டு மாசமா இந்தப் புள்ளைய நான் என்னவெல்லாம் பேசிட்டேன்" என்றாள். "வர்றவங்க போறவங்க எல்லார் முன்னாலயும் பேசினேனே."

கீழே சந்தில் ஓர் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்துவிட்டுப் போனது.

மாரிசாமி முகத்தைத் துண்டால் துடைத்தார். மகளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வினிதாவிடம்தான் பேசினார்.

"மேடம், இதைக் கேட்டு இவ மனசு உடைஞ்சிருக்கும். இவளுக்கு இந்தத் தெரபிய நிறுத்திராதீங்க. இன்னும் எத்தனை வாரம் ஆனாலும் பரவாயில்ல. நான் வந்து உக்காந்துக்கறேன்."

வினிதா அவர் மகள் பக்கம் பார்வையைத் திருப்பினாள். "காவேரி, நீயே சொல்றியா?" என்றாள்.

காவேரி வார்த்தைகளைத் தேடி எடுத்தாள். கனகா இந்த முறை எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஆடி மாசம் மேடம் ஒரு ஹோம்வொர்க் கொடுத்தாங்கப்பா. வீட்டுல இருக்கற காகிதம் ஏதாவது ஒண்ணு படிச்சுட்டு வரணும்னு. நான் ஆஸ்பத்திரி பேப்பரைப் படிச்சேன். நீங்க என்னைத் தூக்கிட்டுப் போனதும் டாக்டர்கிட்ட சொன்னது அதுல இருந்துச்சு. 'அப்பா ஓட்டிய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த பெண்'னு."

மாரிசாமியின் கை துண்டோடு அப்படியே நின்றது.

"மேடம்கிட்ட மட்டும் சொன்னேன், அம்மாகிட்ட சொல்லல. நீங்களே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் காவேரி. "எனக்குத் தெரபி அந்த மாசமே முடிஞ்சிருச்சுப்பா. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கு."