காய்ந்த சட்டை

"பாரேன், புருஷன் செத்து அஞ்சு வருஷமாச்சு. தலையில பூவு, நெத்தியில பொட்டு! கோர்ட்டுக்குப் போறாளாம், கோர்ட்டுக்கு!"

கொச்சி மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்ற பெண்கள் காதுபடவே பேசினார்கள். பாக்கியலக்ஷ்மியின் மனசு இங்கே இருந்தால்தானே கேட்க! விடியற்காலைக் கனவிலேயே இன்னும் மிதந்துகொண்டிருந்தாள்.

கனவில் வீரபாண்டி வந்திருந்தான். கம்பெனி லாஞ்சுப் படகு ஓட்டும்போது போடுகிற அதே வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு மொடமொடவென்று. சுக்கு வாசனை அடிக்கும் சந்து வழியாக வந்து, வாசலில் நின்று சிரித்தான். அவ்வளவுதான்.

"தண்ணியில செத்தவரு நனைஞ்சுல்ல வரணும்? எங்க வீட்டுக்காரர் காய்ஞ்ச சட்டையோட வர்றாரு. அவரு சாகல" என்பாள். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன!

எழுபத்திரண்டில், அவள் நிறைமாதமாக இருந்தபோது, வீரபாண்டி சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கிப் போனான். அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் காயல் கரையில் ஒரு பிணம் ஒதுங்கியது. முகம் தெரியவில்லை. சட்டையில் சலவைக்குறி மட்டும் அழியாமல் இருந்தது.

தெருவுக்கே துணி வெளுக்கும் செல்லதுரையைப் போலீஸ் கூப்பிட்டுக் கேட்டது. துணி மாறிப் போகாமலிருக்க வீட்டுக்கு ஒரு குறி போடுகிறவர் அவர்தானே. பாக்கியலக்ஷ்மி வீட்டுக்கு மூன்று புள்ளி.

"வீரபாண்டி வீட்டுக் குறிதான் சார்" என்றார் செல்லதுரை. ஃபைலை மூடிவிட்டார்கள். அவள் கைக்குழந்தையோடு வீடு திரும்பியபோது எரித்தும் முடித்திருந்தார்கள். செத்தவன் பெண்டாட்டி என்று கம்பெனி காண்டீனில் வேலை கொடுத்தார்கள். அதில்தான் தாயும் பிள்ளையும் கஞ்சி குடிக்கிறார்கள்.

போலீஸ் எழுதி வைத்த அந்தக் குறியை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான். "போலீஸ் ரிக்கார்டு, பொதுஜனத்துக்குக் காட்டக் கூடாது" என்று ஸ்டேஷனில் கையை விரித்தார்கள். வழக்குப் போட்டாள். அப்புறம் நாலு வருஷமாக வாய்தாமேல் வாய்தா!

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் செல்லதுரை வந்துவிடுவார்.

"வேண்டாம் தங்கச்சி. அந்த எழுத்தைப் பார்த்து என்ன ஆகப்போகுது? இருக்குற நிம்மதியும் போயிரும்."

இவருக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? பிணத்தை அடையாளம் சொன்னவரும் இவர், கொள்ளி வைத்தவரும் இவர். இவர் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டே பேர். தம்பி சுப்புராஜும் அதே வாரம் பம்பாய்க்குப் போய்விட்டானாம். ஒரு கடுதாசி உண்டா அவனிடமிருந்து? ஏதோ மறைக்கிறார் மனுஷர்.

படகு நகர்ந்தது. மூடுபனிக்குள் கரையோரச் சீன மீன்வலைகள் மெதுவாக எழுந்து மெதுவாகத் தாழ்ந்தன. எதிரே வந்த படகிலெல்லாம் அவளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது.

எர்ணாகுளம் கோர்ட் வாசலில் வக்கீல் அனந்தநாராயணன் அன்று மத்தியானம் துள்ளிக் குதிக்காத குறைதான். பாலக்காட்டுக்காரர்.

"போலீஸ் ரிக்கார்டு என்ன கோயில் பிரசாதமா, கேட்டவாளுக்கெல்லாம் குடுக்கறதுக்குன்னான் கவர்மெண்ட் வக்கீல். ஆம்படையான் எப்படிச் செத்தான்னு ஆம்படையாளுக்குத் தெரியப்படாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேட்டேன். ஜட்ஜ் தலையாட்டிட்டார் கேட்டியா! அந்த ஒரு பக்கத்தை நீ பாக்கலாம் பாக்கியம், ஆர்டர் ஆயாச்சு!"

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனாள். குறியை அடையாளம் சொன்ன ஆள் என்று செல்லதுரையையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஏட்டு முகமது இஸ்மாயில் ஃபைலைத் தூசி தட்டிப் பிரித்தார்.

"இந்தா சேச்சி, நோக்கிக்கோ. கோர்ட்டே சொல்லியாச்சு, பின்னே எனக்கென்ன?"

குனிந்து பார்த்தாள். மூன்று புள்ளி இல்லை! ஒரு கோடு, அதன்மேல் ஒரு பிறை.

என் புருஷன் சாகல என்று ஊருக்கே கேட்கக் கத்தியிருப்பாள். அதற்குள் கண் அந்தப் பிறையில் மாட்டிக்கொண்டது. இந்தப் பிறையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே?

திரும்பினாள். செல்லதுரை வாசல் தூணோடு ஒட்டித் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். மூட்டையை இறக்கக் குனியும்போது வாராவாரம் அவள் கண்ணில் படுகிற அவருடைய சட்டைக் காலர்தான். உள்பக்கம் அதே கோடு, அதே பிறை.

சுப்புராஜ் பம்பாய்க்குப் போகவே இல்லை.

கூடப்பிறந்தவனை அடுத்தவன் பேர் சொல்லி எரித்திருக்கிறார். வாய்விட்டு அழக்கூட முடியாமல் அஞ்சு வருஷம்! புருஷன் விட்டுவிட்டுப் போனவளுக்கு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்? செத்தவன் பெண்டாட்டிக்குத்தானே கொடுக்கும். வீரபாண்டி எங்கேயோ காய்ந்த சட்டையோடு நன்றாகத்தான் இருக்கிறான். இருந்தும் வரவில்லை, பாவி!

"எந்தா சேச்சி, உங்க வீட்டுக் குறி தன்னே?" ஏட்டு பேனாவைத் திறந்தார்.

இல்லை என்று சொன்னால் போதும், வீரபாண்டிக்கு உயிர் வந்துவிடும். செல்லதுரை கையில் விலங்கு ஏறிவிடும்.

"ஆமா சார். எங்க வீட்டுக் குறிதான்."

எழுதச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். செல்லதுரை இன்னும் தலை நிமிரவில்லை. கொண்டையிலிருந்த பூச்சரத்தை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தம்பி படத்துக்குப் போடுங்கண்ணே."